மூன்றாவது கட்டை

வெயில் ஏறுவதற்கு முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடிக்க வேண்டும். இரவில் இலைகள் நீரை ஆவியாக விடுவது நின்றிருக்கும். அப்போது பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடும். வெயில் உறைத்ததும் அந்த அழுத்தம் இறங்கி, பால் வரத்தும் குறைந்துவிடும். அதனால்தான் கோதையாறு, சிற்றாறு, மணலோடை, கீரிப்பாறை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறையைச் சுற்றியுள்ள அரசு ரப்பர் கழகக் கூப்புகளிலும் தனியார் தோட்டங்களிலும் வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. ஒருவர் ஒரு நாளில் முந்நூறு, நானூறு மரங்களை வெட்டியாக வேண்டும். கத்தி பட்டையின் உள்தோலுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மரம் காயப்படும், ஆறும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். இரண்டு கைகளும் கத்திக்கே வேண்டியிருப்பதால் விளக்கு நெற்றியில்தான் இருக்க முடியும்.

அந்த நெற்றி விளக்குகளில் ஒரு வகைக்கு ஏ.ஏ.ஏ. அளவுள்ள மெல்லிய பென்சில் கட்டை, அதாவது பேட்டரி, மூன்று வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யூ.எஸ்.பி. சார்ஜர்கள் பலவோ கட்டைகளை இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். மூன்றாவது கட்டைக்கு ஜோடி கிடையாது. வீட்டுப் பேட்டரிகளைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பயன்படுத்தலாமா, அதற்கு இந்தச் சிறிய சார்ஜர் போதுமா என்ற கேள்வியை நான் இந்த மூன்றாவது கட்டையிலிருந்து தொடங்கவே விரும்புகிறேன். விளம்பரங்கள் பேசுவது செலவு மிச்சத்தைப் பற்றி. இந்த மலையடிவாரத்தில் கேள்வி வேறு: விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கு எரியுமா?

கட்டை என்ற சொல்லே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. மூணு கட்டை லைட், அஞ்சு கட்டை லைட் என்று டார்ச்சின் தகுதியைக் கட்டைகளின் எண்ணிக்கையால் அளந்தவர்கள் நாம். அதற்கு முன்பு காட்டுப் பாதையில் ஓலைச்சூட்டு எரிந்தது, வீட்டில் சிமினி விளக்கு இருந்தது. 1866இல் பிரான்சின் லெக்லான்ஷே ஈரக் கலமாகச் செய்ததை, 1886இல் ஜெர்மனியின் காஸ்னர் சிந்தாத உலர் கலமாக்கினார். துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கறுப்புப் பொடி. அதைப் பிரித்துப் பார்க்காத பிள்ளை நம்மூரில் இருந்திருக்க முடியாது. கரிக்குச்சி சுவரில் எழுதப் பயன்பட்டது, கறுப்புப் பொடி சிலேட்டையும் கரும்பலகையையும் கறுப்பாக்கியது.

தீர்ந்துபோன கட்டையை வெயிலில் காயவைக்கும் வழக்கமும் அந்தக் காலத்ததுதான். அதில் உண்மை உண்டு. தொடர்ந்து மின்னோட்டம் இழுக்கும்போது கரிக்குச்சியைச் சுற்றி வேதிவினையின் கழிவு சேர்ந்து வழியை அடைக்கும். ஓய்வும் சூடும் கிடைத்தால் அது கொஞ்சம் விலகி, இன்னும் வினைபுரியாத பொருள் வேலைக்கு வரும். வெயில் கட்டையை ஏற்றுவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்ததைக் கறந்து தருகிறது. இன்றைக்கும் சிலர் சாதாரணக் கட்டையைச் சார்ஜரில் போட்டுப் பார்க்கிறார்கள், அதற்கும் வெயில் நாளின் இந்த நம்பிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. கார்பன் கட்டையும் ஆல்கலைன் கட்டையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாயு சேர்ந்து கசியும், சில சமயம் வெடிக்கும்.

ஏற்றக்கூடிய கட்டை வேறு குடும்பம். 1899இல் சுவீடனின் யுங்னர் கண்ட நிக்கல்-காட்மியம் கலம் இதன் மூத்தது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் அது மெல்ல ஒதுங்கியது. 1989 வாக்கில் சந்தைக்கு வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டைதான் இன்று வீட்டுக்கு உரியது. ஆனால் தொடக்கத்தில் அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஏற்றிச் சும்மா வைத்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தானாகக் கரையும், வெப்பம் மிகுந்த ஊரில் இன்னும் வேகமாக. தேவைப்படும் நேரத்தில் காலியாகக் கிடக்கும் கட்டையை யார் நம்புவார்கள்? 2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகை இதை மாற்றியது. ஓராண்டு வைத்திருந்தாலும் பெரும்பகுதி ஏற்றம் அப்படியே இருக்கும். இப்போது பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. பழைய அனுபவத்தை வைத்து ‘அது நிக்காது’ என்று சொல்பவர்கள் பலர், அவர்கள் சொன்ன காலத்துக்கு அது உண்மைதான். வாங்கும்போது மேலுறையில் தானிழப்புக் குறைந்தது என்று குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இனி சார்ஜர். 1996இல் கம்ப்யூட்டருக்காக வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. துளை, இன்று வீட்டின் பொதுக் குழாய் போலாகிவிட்டது. செல்போன் அடாப்டர், பவர் பேங்க், சிறு சூரியத் தகடு, பைக்கில் பொருத்திய துளை எல்லாமே 5 வோல்ட்டைத் தருகின்றன. சார்ஜருக்கென்று தனியாக ஒரு பிளக் தேவையில்லை என்பதே இதன் முதல் லாபம். கரண்டு இருக்கும் நேரத்தோடு கட்டையின் நேரம் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் என இரண்டு நீர்மின் நிலையங்கள் 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்குகின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மாநிலத்தின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பக்கத்து ஊருக்கு வருவது மரங்களுக்கு நடுவே இழுத்த நீண்ட கம்பி வழியாகத்தான். ரப்பர் மரம் காற்றில் எளிதில் முறியும், முறிந்தால் விழுவது பல சமயம் அந்தக் கம்பி மேல். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30 அன்று ஒகிப் புயல் வந்தபோது தோட்டம் தோட்டமாக மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போக வேண்டிய தோட்டமலை போன்ற காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளில் விளக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. யானை நடமாடும் காட்டில் இருட்டிய பின் வெளிச்சமில்லாமல் யாரும் முற்றத்தில் இறங்கமாட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 800 மில்லியம்பியர்-மணி கொண்ட ஏ.ஏ.ஏ. கட்டை 1.2 வோல்ட்டில் ஏறக்குறைய 1 வாட்-மணி ஆற்றலைத் தாங்கும். நெற்றி விளக்குக்கு மூன்று கட்டை, ஆக 3 வாட்-மணி. ஏற்றும்போது எடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நல்ல சார்ஜர் 5 வோல்ட்டை மின்சுற்றால் திறமையாக இறக்கிக் கொடுக்கும், அதற்கு மொத்தம் 5 அல்லது 6 வாட்-மணி போதும். எளிய சார்ஜர் தேவையில்லாத அழுத்தத்தை வெறும் சூடாக்கி எறிந்துவிடும், கட்டைகளைத் தனித்தனியாக ஏற்றினால் அது 14 வாட்-மணி வரை தின்னும். கையில் தொட்டால் தெரியும் அந்தச் சூடுதான் வீணாகும் மின்சாரம். வீட்டு மின்சாரத்தில் இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. ஒரு யூனிட் 1000 வாட்-மணி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். ஆனால் கரண்டு போன பிறகு பவர் பேங்க்கிலிருந்து எடுக்கும்போது அது பெரிய வேறுபாடு. 10,000 மில்லியம்பியர்-மணி பவர் பேங்க்கில் உள்ளது 37 வாட்-மணி, துளை வழியாக வெளியே வருவது 30 அளவுக்குத்தான். நல்ல சார்ஜர் அதைக்கொண்டு ஐந்து விடியல்களுக்கு விளக்கேற்றும். மற்றது இரண்டோடு நின்றுவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் சார்ஜரின் உண்மையான திறமை. இதில் யூ.எஸ்.பி.க்கு ஒரு இயல்பான சிக்கல் உண்டு. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டை நிறைந்ததும் அதன் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டும் சரியும், கட்டையும் சூடாகத் தொடங்கும். நல்ல சார்ஜர் அந்தச் சரிவைக் கண்டு நிறுத்தும். ஆனால் வேகமாக ஏற்றினால்தான் சரிவு தெளிவாகத் தெரியும். கட்டையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டத்தில் ஏற்றினால் அது தெரியாமலே போய்விடலாம். பழைய கம்ப்யூட்டர்த் துளை தருவது 500 மில்லியம்பியர், அதாவது 2.5 வாட். அதை நான்கு ஏ.ஏ. கட்டைக்குப் பங்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் பல சார்ஜர்கள் சரிவைத் தேடுவதில்லை, கடிகாரத்தை நம்புகின்றன. இத்தனை மணி நேரம் ஓடினால் நிறைந்திருக்கும் என்று கணக்கு வைத்து நிறுத்திவிடும்.

கரண்டு ஒழுங்காக வரும் ஊரில் இது பெரிய குற்றமில்லை. மழைக்காலத்தில் ஒரு பகலுக்குள் நாலு தடவை போய்வரும் இடத்திலோ, ஒவ்வொரு முறை கரண்டு திரும்பும்போதும் அந்தக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். முக்கால் நிறைந்த கட்டை மறுபடி முழு நேரமும் ஏற்றப்படும், சூடாகும், ஆயுள் குறையும். நேரடியாகச் சூரியத் தகட்டில் செருகினாலும் இதே கதைதான், ஒவ்வொரு மேகமும் ஒரு கரண்டு கட். என் யோசனை இது: தகட்டிலிருந்து முதலில் பவர் பேங்க்கை ஏற்றுங்கள், அதிலிருந்து கட்டையை ஏற்றுங்கள். ஆற்றல் கொஞ்சம் இழப்போம், ஆனால் கட்டை பிழைக்கும். கடிகாரத்தோடு சூடு அறியும் உணரியும் இருக்கும் சார்ஜர் கிடைத்தால் அதுவே நல்லது. ஒன்றும் இல்லையென்றால் விரல் இருக்கிறது: வெதுவெதுப்பு சரி, பிடிக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிட வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில் ஏற்றுவதையும் தவிர்க்கலாம். நாற்பது டிகிரியைத் தாண்டினால் கட்டை ஏற்றத்தைச் சரியாக வாங்குவதில்லை.

இப்போது மூன்றாவது கட்டைக்கு வருவோம். இரண்டிரண்டாக ஏற்றும் சார்ஜர், ஜோடியைத் தொடராக இணைத்து ஒரே கட்டைபோல் நடத்துகிறது. அந்த ஜோடியில் ஒன்று பாதி காலி, மற்றது முழுக் காலி என்றால் முதலாவது நிரம்பி வழியும், இரண்டாவது அரைகுறையாகவே நிற்கும். விளக்குக்குள் மூன்றும் ஒரே அளவு தேய்ந்தவை. அதில் இரண்டை எடுத்து ஏற்றிவிட்டு மூன்றாவதற்கு வேறெதையாவது ஜோடி சேர்த்தால், அங்கேதான் கேடு தொடங்குகிறது. சமமில்லாத கட்டைகளை மறுபடி விளக்கில் போட்டால் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற இரண்டும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதன் துருவம் தலைகீழாகும். அந்தக் கட்டை அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பாது. மக்களோ ‘ரீசார்ஜ் கட்டை ரெண்டு மாசத்துல செத்துப்போச்சு’ என்பார்கள். கட்டையைக் கொன்றது ஜோடி.

ஆகவே ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனி விளக்கு எரியும் சார்ஜரை மட்டுமே வாங்க வேண்டும். ஒரே விளக்கு இரண்டு பள்ளத்துக்கும் எரிந்தால் அது ஜோடி சார்ஜர். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ஒத்தக் கட்டையப் போட்டா ஏறுமா அண்ணாச்சி?” குலசேகரத்துக் கடையிலும் மார்த்தாண்டத்துக் கடையிலும் விலையைப் பற்றிய பேச்சு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். வாங்கிய கட்டைகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு செட்டுக்கு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு புள்ளி வைத்துவிட்டால் அவை ஒருநாளும் கலக்காது. ஒன்று நெற்றியில் இருக்கும்போது மற்றது சார்ஜரில். பால் அளந்து கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்புபவருக்கு மறுநாள் மூன்று மணி வரை பதினைந்து மணி நேரம் இருக்கிறது. நிதானமான ஏற்றத்துக்கு அதுவே தாராளம். வேகம் இங்கே தேவையே இல்லை.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சில பவர் பேங்க்குகள், குறைவான மின்னோட்டம் போனால் போன் ஏறி முடிந்துவிட்டது என்று எண்ணித் தாமாக அணைந்துவிடும். ஒரே ஒரு ஏ.ஏ.ஏ. கட்டையைப் போட்டால் இது நடக்கும், மூன்றையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் நடக்காது. இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சில மலிவுச் சார்ஜர்கள் உயிர் பெறுவதேயில்லை. சாதனம் இருக்கிறது என்று அடாப்டருக்குச் சொல்ல வேண்டிய சிறு மின்தடையை அவற்றில் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகல வடிவம் கொண்ட கேபிளை மாட்டினால் வேலை செய்யும், சார்ஜர் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கட்டை தகுமா என்றால், தகாது. சுவர்க் கடிகாரம் எடுப்பது மிகச் சொற்பம். ஒரு சாதாரணக் கட்டை அதில் ஓராண்டுக்கு மேலும் ஓடும். டி.வி. ரிமோட்டும் அப்படித்தான். அவற்றில் விலையேறிய கட்டையைப் போட்டுச் சிறைவைப்பது வீண். டார்ச், நெற்றி விளக்கு, பிள்ளைகளின் ஓடும் பொம்மை, முதியவர் இருக்கும் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று அதிகம் இழுக்கும் பொருள்கள்தான் இதன் இடம். 1.5 வோல்ட் வேண்டிய பொருளில் 1.2 வோல்ட் போதுமா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். சாதாரணக் கட்டை 1.5இல் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும், தன் வேலையின் பாதிக்கு வரும்போதே அது 1.2 அளவில்தான் நிற்கும். ஏற்றும் கட்டையோ 1.2இல் கிட்டத்தட்ட முடிவு வரை நிற்கும். பளு கூடினால் கார்பன் கட்டை சில நூறு மில்லியம்பியர்-மணியிலேயே களைத்துவிடும், இது களைக்காது. பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் கிடக்கும் அவசர டார்ச்சுக்கு மட்டும் ஒரு செட் ஆல்கலைன் கட்டையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருப்பது புத்தி.

கட்டையிலேயே யூ.எஸ்.பி. துளை வைத்த லித்தியம் வகையும் இப்போது வந்திருக்கிறது. சார்ஜர் தேவையில்லை, 1.5 வோல்ட்டை மாறாமல் தரும். ஆனால் மங்கி எச்சரிக்காமல் சட்டென்று அணையும், இருட்டில் மரத்தடியில் நிற்பவருக்கு அது நல்லதல்ல. உள்ளிருக்கும் மின்மாற்றுச் சுற்று மத்திய அலை வானொலியில் இரைச்சலையும் கிளப்பக்கூடும். திருநெல்வேலி நிலையத்தைக் கேட்கும் பழைய ரேடியோவில் போட்டால் அது காதுக்குத் தெரியும். உருவம் ஒன்றுபோல் இருப்பதால் இந்த லித்தியம் கட்டையை நிக்கல் கட்டைக்கான சார்ஜரில் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருக்காமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

உள்ளேயே பேட்டரி பொதிந்த நெற்றி விளக்குகள் இன்று அதிகம். வசதிதான். ஆனால் அந்தப் பேட்டரி ஓரிரு ஆண்டில் தளர்ந்தால் விளக்கு முழுவதும் குப்பைக்குப் போகிறது. கட்டை போடும் விளக்கில் தேய்வது கட்டை மட்டுமே, விளக்கு நிற்கும். கரண்டு வராத நாளிலும் பெட்டிக்கடைக் கட்டையைப் போட்டு வேலையை முடிக்கலாம். எனக்கு இந்த வகை மேல் இருக்கும் பற்றுக்கு இதுவே காரணம்.

கடைசியாக, செத்த கட்டை எங்கே போகிறது? நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டையின் எதிர்முனை, நிக்கலோடு லாந்தனம், சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் சேர்ந்த கலவை. அந்த உலோகங்கள் அடங்கிய மோனசைட் மணல் இதே மாவட்டத்தின் மறுகோடியில், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. அங்கே அரசின் அருமணல் ஆலை இயங்குகிறது. மணல் அள்ளுவதை எதிர்த்துக் கடலோர ஊர்கள் குரல் கொடுத்து வருகின்றன. கரையில் அவ்வளவு பேச்சுக்கும் வழக்குக்கும் இடமான பொருளின் வகையை மலையில் ரப்பர் மூட்டில் வீசி எறிகிறோம். மழை அதை உருட்டி ஓடைக்கும், ஓடை அணைக்கும் கொண்டுபோகும். அந்தத் தண்ணீரில்தான் கீழே நெல் விளைகிறது.

2001இல் வந்த பழைய பேட்டரி விதிகள் ஈய-அமிலப் பேட்டரியை மட்டுமே கணக்கில் கொண்டன. 2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரியையும் சேர்த்துக்கொண்டு, திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. சட்டம் நன்றாகவே இருக்கிறது. அது இந்த மலைக்கு ஏறி வர ஒரு வழி வேண்டும், அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. பால் வெட்டுபவர்கள் எல்லோரும் நாள்தோறும் தவறாமல் வந்து சேரும் இடம் பால் அளக்கும் கொட்டகை. அங்கே தராசு இருக்கிறது, பேரேடு இருக்கிறது, கீழே இறங்கும் வண்டியும் இருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, நிறைந்ததும் பால் வண்டியிலேயே நாகர்கோவிலுக்கு அனுப்பலாம். தோட்டமலைக் கட்டைகள் படகில் வந்து சேரட்டும்.